மலையகத்தில் நாலு பேர் சேர்ந்து வெளியே உட்கார்ந்து படம் கீறுவது பற்றி

இலங்கை மலையகத்தின் கொட்டகலைப் பக்கத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். போட்டோவைப் பார்த்து நன்றாகவே வரைவாராம். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போய், கண்ணெதிரே இருக்கும் சாதாரணக் காட்சிகளை நேரில் பார்த்து வரையத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு தடவை போயும் கை ஓடவில்லை. ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். மத்தியானம் மழை வந்து கொப்பி நனைந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்த எதையும் யாரிடமும் காட்ட மனம் வரவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களை வரைய ஆசை, ஆனால் அது சரியா என்று ஒரு சங்கடம். தொடர்வதா, போட்டோவுக்கே திரும்புவதா என்று கேட்கிறார்.

தொடருங்கள். உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தேன். மழை, கொப்பி எல்லாம் சின்ன விஷயம். உண்மையில் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு. போட்டோவில் ஓடுகிற கை நேரில் ஏன் நின்றுவிடுகிறது என்பது ஒன்று. பிறந்து வளர்ந்த இடத்தையே கொப்பியும் கையுமாக உட்கார்ந்து பார்க்கும்போது ஏன் இவ்வளவு கூச்சமாக இருக்கிறது என்பது மற்றது. முதலாவதற்குப் பயிற்சி போதும். இரண்டாவதற்கு நீங்கள் எதை, யாருடைய வாசலில் உட்கார்ந்து வரைகிறீர்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

நான் 31 வருடம் தோட்டப் பாடசாலைகளில் சித்திரம் படிப்பித்தவன். ஓய்வு பெற்ற பிறகு 12 வருடமாக மாதத்தில் ஒரு ஞாயிறு ஆறேழு பேரோடு வெளியே போய் வரைகிறேன். எங்களில் ஒரு தையற்காரர் இருக்கிறார், வங்கியில் வேலை செய்கிற ஒரு பெண் இருக்கிறார், தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா இருக்கிறார், உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் வந்து போவார்கள். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, மஸ்கெலியா சுற்றித்தான் என் அனுபவம். மலைக்குக் கிழக்கே இருக்கும் ஊவாப் பக்கம் சில தடவைதான் போயிருக்கிறேன். ஆகவே கீழே சொல்வதை இந்த மேற்குச் சரிவுக்குரியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கை விஷயம். போட்டோவில் உங்களுக்காக மூன்று வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. காட்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வெட்டியாகிவிட்டது. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தட்டையான தாளுக்கு வந்துவிட்டன. அசைவதெல்லாம் நின்றுவிட்டது. நேரில் போய் உட்கார்ந்தால் இந்த மூன்றையும் நீங்களே செய்ய வேண்டும், அதுவும் வரைந்துகொண்டே. இதுவரை செய்யாத வேலையைப் புதிதாகச் செய்வதால்தான் கை நிற்கிறது. திறமைக் குறைவு என்று நினைத்து மனம் விட வேண்டாம். போட்டோவைப் பார்த்து வரைந்தால் கை கெட்டுப் போகும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படிக் கெட்டுப் போன கையை நான் கண்டதில்லை. ஆனால் கைத்தொலைபேசியின் அகன்ற லென்ஸ் கிட்டத்தில் இருப்பதைப் பெருப்பித்து, தூரத்தில் இருப்பதைச் சுருக்கிவிடும் என்பது உறுதி. மஸ்கெலியாவில் நின்று சிவனொளிபாத மலையைப் பார்த்தால் நெஞ்சுக்கு நேரே எழுந்து நிற்கும். அதையே போனில் எடுத்துப் பாருங்கள், மூலையில் ஒரு சின்ன முக்கோணமாகக் கிடக்கும். அந்த மலை கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படித் தாளில் வர வேண்டுமானால் நேரில்தான் உட்கார வேண்டும்.

மூன்று வேலைக்கும் எளிய வழிகள் உண்டு. வெட்டுவதற்கு, ஒரு கெட்டி அட்டையில் தீப்பெட்டி அளவு ஜன்னல் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தெரிவதை மட்டும் வரையுங்கள், வெளியே எவ்வளவு அழகு இருந்தாலும் விட்டுவிடுங்கள். தட்டையாக்குவதற்கு, ஒரு கண்ணை மூடி, கையை முழுதாக நீட்டிப் பென்சிலால் அளந்து பாருங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு மாறிவிடும், இந்தத் தவறு எல்லாரும் செய்வது. அசைவுக்கு வழி பொறுமை. ஆள் ஒரு அசைவைச் செய்தால் பெரும்பாலும் அதே அசைவுக்குத் திரும்பி வருவார். கடையில் தேத்தண்ணி ஆற்றுகிறவர் கையை மேலே தூக்குவார், இறக்குவார், மறுபடி தூக்குவார். தூக்கும்போது ஒரு கோடு, அடுத்த முறை தூக்கும்போது இன்னொரு கோடு. பத்து முறை ஆற்றுவதற்குள் உங்களிடம் ஒரு கை இருக்கும்.

தொடக்கத்தில் மலையையும் தோட்டத்தையும் நாட வேண்டாம். எங்கள் குழு முதல் ஆறு மாதம் தேத்தண்ணிக் கடைகளுக்குத்தான் போனது. ஆளுக்கொரு பிளேன்டி (பால் இல்லாத தேத்தண்ணி) வாங்கிக்கொண்டு, கூட்டம் குறைந்த காலை நேரத்தில் ஒரு மூலை வாங்கில் உட்காருவோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வடையும் ரோல்ஸும், பிஸ்கட் போத்தல், அடுப்பில் கரி பிடித்த கேத்தல். இந்தக் கேத்தலை நான் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் முதலில் வயிற்றை வட்டமாகக் கீறுவார்கள், பிறகு மூக்கையும் கைபிடியையும் ஒட்ட வைப்பார்கள், பொம்மைக் கேத்தல் போல வந்துவிடும். அதற்குப் பதிலாகக் கைபிடிக்கும் மூடிக்கும் நடுவில் இருக்கும் வெற்று இடத்தைப் பாருங்கள். அதற்கு ஒரு வடிவம் இருக்கிறது, கிட்டத்தட்ட அரை மாங்காய் மாதிரி. அதை முதலில் கீறுங்கள். அப்புறம் மூக்குக்கும் வயிற்றுக்கும் இடையில் இருக்கும் ஒடுங்கிய முக்கோணம். இந்த இரண்டு வெற்றிடமும் சரியாக விழுந்தால் கேத்தல் தானாக வந்து நிற்கும். வெற்றிடத்துக்கு நம் மனதில் முன்கூட்டியே ஒரு படம் இல்லை. அதனால் கண் சொல்வதைக் கை கேட்கும். அடிப்பாகத்துக் கரியைப் பென்சிலால் அழுத்தித் தேய்த்து, மூடியின் மேல் விழும் வெளிச்சத்துக்குத் தாளை அப்படியே வெள்ளையாக விடுங்கள். 20 நிமிடத்துக்கு மேல் ஒரு படத்தில் இருக்க வேண்டாம். முதலில் ஐந்து ஐந்து நிமிடமாக நாலு படம், பிறகு ஒரு நீளமான படம் என்பது எங்களுக்குச் சரியாக வந்த ஒழுங்கு.

ஆட்கள் சுற்றி நிற்பது பற்றி. நிற்கத்தான் செய்வார்கள். நம் ஊரில் ஒருவர் சும்மா உட்கார்ந்து ஒன்றையே உற்றுப் பார்த்தால், என்ன நடக்கிறது என்று பார்க்க வருவது மரியாதைக் குறைவு இல்லை. சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் பாதி தொந்தரவு போய்விடும். தனியாக உட்காராமல் இருவர் இருவராக உட்காருங்கள். குழுவாகப் போவதன் பெரிய பயன் இதுதான். ஒருவரைப் பார்த்தால் "என்ன இவரு" என்பார்கள், ஆறு பேரைப் பார்த்தால் "ஏதோ சித்திர வகுப்பு" என்று விட்டுவிடுவார்கள். கொப்பியை மறைக்காதீர்கள். மறைத்தால் இன்னும் கிட்ட வருவார்கள், காட்டினால் பார்த்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் மட்டும் போக மாட்டார்கள். எங்களில் ஒருவர் எப்போதும் பத்துத் தாளும் பென்சில் துண்டுகளும் பையில் வைத்திருப்பார். வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்து, "நீயும் கீறு" என்று பக்கத்தில் உட்கார வைத்துவிடுவோம். அதில் இரண்டு பேர் இப்போது எங்கள் குழுவில் வளர்ந்த பிள்ளைகளாக இருக்கிறார்கள்.

இனிப் பெரிய விஷயம். கொழுந்து பறிக்கிறவர்களை வரையலாமா? எங்கள் முதல் வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தோட்டத்துக்குப் போனோம். பழைய லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), தகரக் கூரை, காற்றுக்குப் பறக்காமல் இருக்கத் தகரத்தின் மேல் கல்லும் பழைய டயரும். வரைவதற்கு அவ்வளவு அழகாக இருந்தது. ஒன்பது பேர் எதிரே கானின் ஓரமாக வரிசையாக உட்கார்ந்துவிட்டோம். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் ஒரு அண்ணன் வந்தார். "எங்க வீட்டு ஓட்டக் கூரைய எதுக்குங்க கீறுறீங்க? எந்த ஆபீசு?" என்றார். கணக்கெடுக்க வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறார். இந்த லயங்களைப் பார்க்க வருகிறவர்கள் படிவத்தோடோ கமராவோடோ வந்து, எழுதிக்கொண்டு, எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர் கேட்டது முழுக்க நியாயம். எங்களில் பாதிப் பேர் அதே மாதிரி லயத்துக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், பிறந்தவர்கள், இருந்தும் எங்களுக்கு அது தோன்றவில்லை. எழுந்து மன்னிப்புக் கேட்டோம். அவர் வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். அன்றைக்கு யாரும் மேற்கொண்டு வரையவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். புது இடத்துக்கு முதல் தடவை கொப்பி இல்லாமல் போவோம். கோவில் வாசலில், கடையில், நாலு பேரோடு பேசுவோம், எங்கிருந்து வருகிறோம், எதற்கு என்று சொல்வோம். அடுத்த மாதம்தான் வரைவோம். வீட்டை வரைந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டு, முடிந்ததும் காட்டி, அவர் விரும்பினால் படத்தைக் கொடுத்துவிட்டு வருவோம். தோட்டத்துக்குள் போகும் பாதை எல்லாம் பொதுப் பாதை இல்லை, அதனால் தோட்ட நிர்வாகத்திடமும் சொல்லிவிடுங்கள். மலைத்தண்ணீர் குழாயில் வந்து விழும் பீலிக்கரைப் பக்கம் ஆட்கள் குளிக்கும், துவைக்கும் நேரத்தில் கொப்பியைத் திறக்கவே கூடாது. ஆளில்லாத நேரத்தில் பீலியில் இருந்து விழும் தண்ணீரும் துவைகல்லும் ஒரு வாளியும் போதும். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

மலையில் வேலை நடக்கும்போது வரைவதானால், யாரையும் நிறுத்தி இப்படி நில்லுங்கள், அப்படித் திரும்புங்கள் என்று கேட்காதீர்கள். பறிக்கிறவருக்குக் கூலி நிறையோடு கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் நிறுத்துகிற ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கிலோவில் இருந்து போகிறது. தூரத்துப் பாதையில் இருந்து வரையுங்கள். பறிக்கும் கைகளை ஒவ்வொரு விரலாக வரைய முயல வேண்டாம், அந்த வேகத்துக்கு எந்தப் பென்சிலும் ஓடாது. முதுகின் வளைவையும், தலையில் இருந்து கூடைக்கு இறங்கும் கயிற்றின் கோணத்தையும் பிடியுங்கள், ஆள் வந்துவிடுவார். கொஞ்சம் அமைதியாக வரைய வேண்டுமானால் கொழுந்து மடுவம்தான் இடம், பறித்ததை நிறுக்கும் கொட்டகை அது. நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது ஆட்கள் அசையாமல் நிற்பார்கள், அந்த நிலையில் உடம்பின் களைப்பு முழுவதும் தெரியும். ஒரு கால் தளர்ந்து, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, கை சாக்கின் வாயைப் பிடித்தபடி இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் அங்கே உங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு முறை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி, வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து நான் வரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் மலையில் பறிக்கிறவர்களைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். கொப்பியைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தவர், "கயிறு நெத்தியிலயா தம்பி இருக்கும்? அப்படிப் போட்டா கழுத்து ஒடிஞ்சிரும்" என்றார். உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்து, மடித்து, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து, இங்கே என்று விரலால் தொட்டுக் காட்டினார். அவர் தலையில் அந்த இடத்தில் முடி நைந்து மெலிந்திருந்தது. நான் லயத்தில் வளர்ந்தவன், என் அம்மா கூடை போட்டவர், இருந்தும் என் கை கயிற்றை நெற்றியில் போட்டிருக்கிறது. ஏன் என்று யோசித்தபோது புரிந்தது. 1890இல் இங்கே தோட்டம் வாங்கிய லிப்டனின் விளம்பரங்களில் தொடங்கி, இன்றைய தேயிலைப் பெட்டி, தபால் அட்டை, ஹோட்டல் சுவர் வரைக்கும் கூடையோடு சிரிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துப் பார்த்து, எதிரே இருக்கும் ஆளை விட்டுவிட்டு அந்தப் படத்தையே கீறியிருக்கிறேன். நேரில் உட்கார்ந்தும் போட்டோவைத்தான் வரைந்திருக்கிறேன். அதனால் உங்கள் சங்கடத்துக்கு என் பதில்: வரையுங்கள், வரைந்ததை அந்த வேலை செய்தவர்களிடம் காட்டுங்கள். அவர்களைவிடப் பிழை பிடிக்கத் தெரிந்தவர்கள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். சிரிக்கும் முகமே வேண்டும் என்றும் இல்லை, துயர முகமே வேண்டும் என்றும் இல்லை. அந்த நேரத்தில் அவர் எப்படி இருந்தாரோ அப்படி.

மலைச்சரிவில் வரைகிறவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சித்திரப் பாடப் புத்தகத்தில் இருக்கும் பாதையும் மரமும் எல்லாம் சமதரையில் இருப்பவை. நமக்குச் சமதரை எங்கே இருக்கிறது? அடிப்படை இதுதான். கண்மட்டம் என்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் உங்கள் கண்ணுக்கு நேரே ஓடும் கோடு. இங்கே மலை மறைப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. கொப்பியை மூடித் தட்டையாகக் கண்ணுக்கு முன்னால் பிடியுங்கள். மேல்பக்கமும் தெரியாமல் கீழ்ப்பக்கமும் தெரியாமல் விளிம்பு மட்டும் தெரிகிற உயரம்தான் கண்மட்டம். அதை முதலில் தாளில் மெல்லிய கோடாகப் போடுங்கள். லயம் சரிவில் இருந்தாலும் தரையை வெட்டி மட்டமாக்கித்தான் கட்டியிருக்கிறார்கள். அதனால் அதன் கூரை முகடும் படிக்கட்டும் ஜன்னலின் அடியும், தூரத்தில் அந்தக் கண்மட்டக் கோட்டை நோக்கித்தான் போகும். உங்களுக்குக் கீழே இருக்கும் லயத்தின் கோடுகள் தூரம் போகப் போக மேலே ஏறும், மேலே இருக்கும் லயத்தின் கோடுகள் இறங்கும். மலை சாய்கிறது என்று லயத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடுவதுதான் பொதுவான பிழை. ஆனால் பாதைக்கு இந்த விதி இல்லை. இறங்குகிற பாதையின் இரண்டு ஓரமும் சேரும் புள்ளி கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும், ஏறுகிற பாதையினது மேலே இருக்கும். ஹட்டன் டவுனில் இறங்கும் படிகளில் மேலே உட்கார்ந்து ஒருமுறை வரைந்து பாருங்கள். படிகள் ஒரு பக்கம் ஓட, இரண்டு பக்கத்துக் கடைகளின் பலகை விளிம்புகள் வேறு பக்கம் ஓடும். அந்த இரண்டு ஓட்டமும் தாளில் வந்தால்தான் பார்ப்பவருக்கு இறங்குகிற உணர்வு வரும்.

லயத்தின் கதவுகள் பற்றியும் கேட்க வருவீர்கள் என்று நினைக்கிறேன். பழைய லயங்களில் ஒரு காம்பரா சுமார் 10க்கு 12 அடி. ஒரே அளவில் வரிசையாக இருப்பதால் கதவுகள் தூரம் போகப் போக ஒழுங்காகச் சுருங்க வேண்டும். கண் மதிப்பில் போட்டால் நாலாவது கதவில் இடம் போதாமல் போகும். முதல் காம்பராவின் முன்சுவரை ஒரு பெட்டியாகக் கீறுங்கள். அதன் தூரத்து நிலைக்கோட்டின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். பெட்டியின் முன் மேல்மூலையில் இருந்து அந்த நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது தரைக்கோட்டைத் தொடும் இடத்தில் இரண்டாவது காம்பரா முடியும். அதிலிருந்து மூன்றாவது, அப்படியே போகலாம். இது எந்தச் சந்தேகமும் இல்லாத கணக்கு. தகரக் கூரையின் நெளிவுகளை முழுதும் போட வேண்டாம். கீழ் விளிம்பில் மட்டும் காட்டினால் போதும், மீதியைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும். (தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு இந்தக் கணக்கைக் கொண்டு போகாதீர்கள். அது வளைந்து போகிற பாலம், வளைவுகள் இப்படி ஒரே நேர்கோட்டில் சுருங்காது. 1921இல் இரும்பில்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் கட்டியது, பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் நாலு பேர் அமைதியாக உட்கார அங்கே இடம் கிடைப்பது கஷ்டம்.)

மழைக்கு வருவோம். நம் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம், அந்த மாதங்களில் கூரைக்குக் கீழேதான் வேலை. தேத்தண்ணிக் கடை, புகையிரத நிலையம், கோவில் மண்டபம், வீட்டு அடுப்படி. மார்ச் பிற்பகுதி, ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் காலை தெளிவாக இருந்து பின்னேரம் இடியோடு கொட்டும். நீங்கள் நனைந்தது அநேகமாக அப்படித்தான். காலை ஏழரைக்கு உட்கார்ந்து பத்தரைக்கு எழுந்துவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நமக்கு நல்ல காலம், நுவரெலியாப் பக்கம் சில விடியற்காலைகளில் உறைபனி விழுந்து விரல் மரத்துப் போகும் என்பதைத் தவிர. ஊவாச் சரிவில் இது தலைகீழ். நாம் நனையும் ஜூலை, ஓகஸ்ட்டில் அங்கே காய்ந்த காற்று வீசும், அதுதான் ஊவாத் தேயிலைக்கே பேர் வாங்கிக் கொடுப்பது. ஆசை இருந்தால் அந்த மாதங்களில் ஒரு ஞாயிறு கோச்சியேறிப் பண்டாரவளைச் சந்தைக்குப் போகலாம்.

மூடுபனி வந்தால் எழுந்து ஓடாதீர்கள், அது நமக்குக் கிடைத்த கொடை. பனிக்குள் தூரத்து மரங்கள் வெளிறி, கிட்டத்துச் சவுக்கு மரம் மட்டும் கறுத்து நிற்கும். மூன்று அளவு கறுப்பு போதும், ஒரு மலைத்தொடரே வந்துவிடும். ஆனால் பனி எப்போது மூடும் என்று தெரியாததால், தூரத்தில் இருப்பதை முதலில் கீறிவிடுங்கள், முதலில் மறைவது அதுதான்.

சாமான் விஷயத்தில் காசைக் கொட்ட வேண்டாம். ஏ5 அளவுக் கொப்பி, 2பி பென்சில், ஒரு போல்பொயின்ட் பேனை, பொலித்தீன் பை, உட்கார மடித்த உரப்பை. ஈரக் காற்றில் தாள் மெத்தென்று ஆகிவிடும், அழிறப்பர் போட்டால் நார் எழும்பும். அதனால் அழிறப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பிழையான கோட்டுக்குப் பக்கத்தில் சரியான கோட்டைப் போடுங்கள். போல்பொயின்ட் மை தூறலுக்குக் கரையாது, ஜெல் பேனை மையில் சிலதும் ஊற்றுப் பேனை மையில் பலதும் கரைந்துவிடும். ஆனால் போல்பொயின்ட் வெளிச்சத்தில் வைத்தால் வெளுக்கும், சுவரில் மாட்டப் போகிற படத்துக்கு ஆகாது. நீர்வர்ணம் போடுவதானால் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் வாங்குங்கள், மெல்லிய தாள் சுருண்டுவிடும். நம் குளிரில் ஒரு பூச்சு காய வெகு நேரம் எடுக்கும், ஆகவே இரண்டு பேர் இரண்டு படமாக மாற்றி மாற்றிப் போடுங்கள். சாயம் கூடிய பிளேன்டியைத் தூரிகையில் தொட்டு நாங்களும் பூசியிருக்கிறோம், அருமையான கபிலம் வரும். தேநீரில் அமிலம் இருக்கிறது, நிறமும் நாளடைவில் மாறும், பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மழைக் காலத்தில் இரத்தம் குடிக்கும் அட்டை ஏறாமல் இருக்க, காலுறையில் தேய்க்கச் சவர்க்காரத் துண்டு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. டியூப்பில் வருகிற பச்சையை அப்படியே பூசினால் தேயிலை மலை பிளாஸ்டிக் விரிப்பு போல ஆகிவிடும். கிட்டப் போய் ஒரு செடியைப் பாருங்கள். மேலே புதுக் கொழுந்து மஞ்சள் கலந்த இளம்பச்சை, ஒரு சாண் கீழே முற்றிய இலை கிட்டத்தட்டக் கறுப்புப் பச்சை, அதற்கும் கீழே சாம்பல் பூத்த தண்டு. அன்றைக்குப் பறித்து முடித்த மலையும் நாளைக்குப் பறிக்கப் போகிற மலையும் ஒரே நிறத்தில் இருக்காது. கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்துவிட்ட மலை பச்சையே இல்லாமல் கபிலமாகக் கிடக்கும். நீலத்தோடு மண்மஞ்சளைக் கலந்து தொடங்கி, நிழலுக்குச் செங்கபிலம் ஒரு துளி சேருங்கள். எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் ஐயா, படத்தில் இருக்கும் பச்சையைப் பார்த்தே அந்த மலையில் பறித்து எத்தனை நாள் ஆகிறது என்று சொல்லிவிடுவார்.

குழுவை நடத்துவது பற்றி. நாலு முதல் எட்டுப் பேர் வரை நல்லது, பத்தைத் தாண்டினால் ஒரு கடைக்குள் அடங்காது. வந்த உடனே எத்தனை மணிக்கு எங்கே திரும்பிச் சேர்வது என்று சொல்லிவிட்டுப் பிரிந்துவிடுங்கள். கடைசி அரை மணி நேரம் எல்லாக் கொப்பியையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். இதைத் தவறவிடாதீர்கள், காட்ட மனம் வராத படத்தையும் வையுங்கள். ஒரே தேத்தண்ணிக் கடை ஆறு விதமாக வந்திருப்பதைப் பார்க்கும்போதுதான் நீங்கள் எதைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று தெரியும். "நல்லா இருக்கு" என்று சொல்வதை நாங்கள் நிறுத்திவிட்டோம். "முதலில் என் கண் இங்கே போனது" என்று இடத்தைக் காட்டிச் சொல்வோம். உலகம் முழுவதும் இப்படிக் கூடி வரைகிறவர்கள் இருக்கிறார்கள். சியாட்டிலில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியல் காம்பனாரியோ 2007இல் இணையத்தில் தொடங்கிய அர்பன் ஸ்கெச்சர்ஸ் என்ற அமைப்புக்கு எட்டு அம்சக் கொள்கை ஒன்று உண்டு. நேரில் பார்த்து, அந்த இடத்திலேயே வரைவது, கண்டதற்கு உண்மையாக இருப்பது, ஒருவருக்கொருவர் துணையாகச் சேர்ந்து வரைவது என்பவை அதில் முக்கியமானவை. ஓவியர்கள் ஒன்று சேர்வது இலங்கைக்குப் புதிதும் இல்லை. 1943இல் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட்டை மையமாகக் கொண்டு கொழும்பில் '43 குழு உருவானது, கண்டியில் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற் அதில் ஒருவர். அது கண்காட்சிக்காகக் கூடிய குழு, நம்முடையது வேறு வகை. ஆனால் கூட ஆட்கள் இருந்ததால்தான் அவர்களும் துணிந்து தங்கள் வழியில் போனார்கள் என்று நான் நினைக்கிறேன்.

கடைசியாக இடங்கள். புகையிரத நிலையத்தில் நிலைய அதிபரிடம் கேட்டுவிட்டு மேடையில் உட்காருங்கள், காத்திருக்கும் ஆட்களைப் போல நல்ல மாதிரிகள் இல்லை. அணைக்கட்டு, மின்நிலையம், பொலிஸ், இராணுவ முகாம் இருக்கும் பக்கம் கொப்பியைத் திறக்க வேண்டாம். சட்டம் தெரிந்தவன் என்று இதைச் சொல்லவில்லை, வீண் வம்பு வேண்டாம் என்பதற்காக. படங்களை இணையத்தில் போடுவதானால், முகம் அடையாளம் தெரிகிற படத்துக்கு அவரிடம் தனியாகக் கேளுங்கள். வரையச் சம்மதித்தவர் ஊருக்கே காட்டச் சம்மதித்ததாக ஆகாது. பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிடம் கேளுங்கள். நனைந்த அந்தக் கொப்பியைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பக்கங்களுக்கு நடுவே பத்திரிகைத் தாள் வைத்து, மேலே பாரம் ஏற்றி, அடுப்படிச் சூட்டில் இரண்டு நாள் விடுங்கள். அடுத்த ஞாயிறு அதையும் கொண்டு போய் மற்றவர்களோடு தரையில் விரித்து வையுங்கள்.